மெடிங்கின் காது

மணிலாவுக்கு அருகே எங்கள் கரையில் மீன் ஏலம் சத்தமில்லாமல் நடக்கும். கூடை நடுவில் இருக்கும். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரகுக்காரியின் காதருகே குனிந்து, உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, தங்கள் விலையைக் கிசுகிசுப்பார்கள். ஒருவன் சொன்னது இன்னொருவனுக்குத் தெரியாது. எல்லோரும் சொல்லி முடித்ததும் அவள் ஒரே ஒரு வார்த்தை பேசுவாள். அதிக விலை சொன்னவனின் பெயர். கூடை அவனுக்குப் போய்விடும்.

அந்த நேரத்தில் தரகுக்காரியின் கைகள் இரண்டும் முன்துணிக்குள் இருக்க வேண்டும். எப்போதோ ஒருத்தி விரலால் ஜாடை காட்டிக் கள்ளத்தனம் செய்தாளாம். அதிலிருந்து வந்த வழக்கம். யாரையும் நிமிர்ந்து பார்க்கவும் கூடாது. சொன்ன பெயரைத் திரும்ப வாங்கவும் முடியாது. திரும்ப வாங்கலாம் என்று ஒரு தடவை விட்டுவிட்டால், அப்புறம் மிரட்டுகிறவனுக்குத்தான் மீன்.

தரகுக்காரி ரெமெடியோஸை எல்லோரும் ஆலிங் மெடிங் என்பார்கள். மூத்த பெண்ணுக்கு ஆலிங், மூத்த ஆணுக்கு மாங், அது எங்கள் ஊர் மரியாதை. கல்யாணமான வருஷத்திலிருந்து ஏலம் நடக்கும் சிமெண்டுக் கூடத்தில் நிற்கிறவள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் நின்றாள். மகள் லிவாய் பிறந்த வாரத்தில் மட்டும் நிற்கவில்லை. அவள் காதில் விழுந்த விலை கிணற்றில் விழுந்த கல் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அன்று காலை ஒஸ்முந்தோவின் படகிலிருந்து பெரிய பெரிய கலவா மீன்கள் வந்திருந்தன. செவிள் இன்னும் சிவந்திருந்தது. ஏழெட்டுப் பேர் வந்து குனிந்து போனார்கள். நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடைக்காரன் தெரோய் கடைசியாக வந்தான். பூண்டு வாசனையும் மூச்சுமாகக் காதில் ஒரு விலை சொன்னான். மற்ற எல்லாவற்றையும்விட அது கூடுதல். மெடிங்குக்கு அதில் எள்ளளவும் சந்தேகமில்லை. தெரோய், தெரோய், தெரோய் என்று மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

வாயைத் திறந்தாள்.

"நார்டிங்" என்றது வாய்.

அவளே கேட்டாள். வேறு யாரோ பேசியது போல இருந்தது. நார்டிங் ஒல்லியான, அடக்கமான மனிதன். தலைச்சுமையாக மீன் விற்கிறவன். அவன் சொன்ன விலை எல்லோருடையதையும்விடக் குறைவு. ஆசைக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போனவன். தன் பெயரைக் கேட்டதும் அவனே ஒரு அடி பின்வாங்கினான்.

"இல்ல…" என்றாள் மெடிங். "அது… அவன்… இந்த…"

முன்துணிக்குள் கைகள் துடித்தன. வெளியே எடுத்துக் காட்டினால் இந்தா இவன் என்று முடிந்துவிடும். அது முடியாது. கண்ணைத் தூக்கவும் முடியாது. தெரோயின் ரப்பர் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றாள். பெயர் வரவில்லை. தூக்கிக்கொண்டு போகும் ஆள் கூடையில் கை வைத்துவிட்டான்.

"என்ன ஆலிங் மெடிங்," தெரோயின் குரல் சிரித்துக்கொண்டே வந்தது, "காது அடைச்சுப் போச்சா, இல்ல யாராவது அடைச்சு வெச்சாங்களா?"

சிலர் சிரித்தார்கள்.

"விடுப்பா. மீனுக்கு நார்டிங் மேல ஆசை."

"மீனுக்கா? அவரு யாரு தெரியுமில்ல? இந்தம்மா மகளுக்கு ஞானத்தகப்பன்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

*

ஒரு வருஷமாகவே இது நடந்துகொண்டிருந்தது. முதலில் மீன்களின் பெயர்கள் நழுவின. அயிலையைக் கையில் வைத்துக்கொண்டு "இது… முதுகுல கோடு போட்டது…" என்பாள். வயசாகுது என்று சிரித்துக்கொண்டாள். பிறகு வீட்டுச் சாமான்கள். கரண்டியை "கிண்டுறது" என்றாள், சாவியை "வீட்டோடது" என்றாள். மகள் லிவாய் அடுத்த தெரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் மெடிங் அங்கே போய், விடியற்காலை ரொட்டியின் பெயர் வராமல், ஊரே பிறந்ததிலிருந்து தின்கிற ரொட்டியின் பெயர் வராமல், விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று இரவு லிவாய் சாப்பிடவில்லை.

மணிலாவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். குழாய் மாதிரி இருந்த இயந்திரத்துக்குள் படுக்க வைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்து, இடது காதுக்கு மேலே ஒரு மூலையைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள்.

"உங்க அம்மா எதையும் மறக்கல. கெடங்குல சரக்கு அப்படியே இருக்கு. அதைத் தூக்கிட்டு வெளிய வர்ற ஆளுங்கதான் ஒவ்வொருத்தரா வேலையை விட்டுட்டுப் போறாங்க."

"திரும்பி வருவாங்களா டாக்டர்?" என்றாள் லிவாய்.

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "போறவங்களை நிறுத்துற மருந்து இன்னும் கெடைக்கல. இருக்கறவங்களை வேலைல தக்க வெக்க முடியுமான்னு ஒரு ஆராய்ச்சி நடக்குது. வரீங்களா?"

மகள் வாய் திறப்பதற்கு முன்பே மெடிங் தலையாட்டினாள்.

ஆனால் கரையில் யாருக்கும் தெரியக் கூடாது என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. தரகுக்காரிக்குத் தலையில் கோளாறு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அதற்குப் பிறகு எவனும் அவள் காதுக்குக் குனிய மாட்டான். அதனால் பரிசோதனை, பயிற்சி என்று வந்த ஆஸ்பத்திரி நாட்களுக்கெல்லாம் லிவாய் ஒரு சாமியைக் கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள். புதன்கிழமை பக்லாரானில் சகாய மாதா. வெள்ளிக்கிழமை கியாப்போ கோயில். ஏலம் முடிந்து குளித்துவிட்டுத் தாயும் மகளும் தலையில் முக்காடோடு ஜீப்னி வண்டி ஏறுவதைப் பார்த்துவிட்டு, பக்கத்துவீட்டுக்காரி, "கெழவி சொர்க்கத்துக்கு மொத்தமா சீட்டு வாங்குறா" என்றாள்.

கலவா மீன் விஷயம் நடந்த பிறகு அந்தப் பேச்சும் மாறிவிட்டது.

"வாரத்துல மூணு சாமியா! அப்போ பாவம் பெருசுதான்."

*

பரிசோதனைகளெல்லாம் முடிந்து, கலவா மீன் விஷயத்துக்குப் பிறகுதான் பயிற்சி ஆரம்பித்தது. ஆராய்ச்சி அறை சின்னதாக, குளிர்ச்சியாக இருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஜெஸ்ஸமின். லிவாயைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள். மெடிங்குக்கும் ஒன்று நீட்டுவாள். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டுகளை மெடிங்கின் தலையில் வைத்துப் பட்டையால் கட்டினாள்.

"லேசா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் நானாய். சின்ன பேட்டரிதான். ஷாக் அடிக்காது. கரண்ட் போகும்போது நாம சேர்ந்து சொல்லிப் பழகுவோம்." வயதான பெண்களையெல்லாம் அவள் நானாய், அதாவது அம்மா, என்றுதான் கூப்பிட்டாள்.

முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டாள். "சில பேருக்குக் கரண்ட் நெஜமாப் போகும். சில பேருக்குக் கொஞ்சம் ஊர்ந்துட்டு நின்னுடும். உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாது. கடைசிலதான் தெரிய வரும்."

"அப்போ இதுவும் கிசுகிசு ஏலம்தான்" என்றாள் லிவாய். மெடிங் சிரித்தாள். வாயைத் திறக்காத அந்தச் சின்னப் பேட்டரியின் மேல் அவளுக்கு அந்த நிமிஷம் ஒரு மரியாதை வந்தது.

பழகுவதற்கு வேண்டிய சொற்களை நோயாளியே பொறுக்க வேண்டும். பழகிய சொல் கொஞ்ச காலம் தங்குகிறது. பழகாத சொல் முதலில் கிளம்பிவிடுகிறது. இதுவரை பார்த்ததில் அப்படித்தான் தெரிகிறது என்றாள் ஜெஸ். "அதனால யோசிச்சுப் பொறுக்குங்க. ஒருத்தர் பேரப்பிள்ளைங்க பேரு வெச்சார். இன்னொருத்தர் ஜெபத்துல வர்ற வார்த்தைங்க. ஒரு தாத்தா நாலு கெட்ட வார்த்தை வெச்சார். பொண்டாட்டிகூட சண்டை போட வேணுமாம்."

மெடிங் பெயரைச் சொல்லாமல், ஆளை உடம்பால் காட்டினாள். தொப்பையைக் காட்டி, மூக்கைப் பிடித்து, பூண்டு. லிவாய், "தெரோய்" என்றாள். கோணல் நடை. "டாலிங்." கண்ணாடி. "மாங் பெலிங்." இப்படியே கூடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஜெஸ் எழுதிக்கொண்டே போனாள். கடைசியில் மெடிங், போதும் என்று கையை அசைத்தாள்.

ஜெஸ் பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் தயங்கினாள். "நானாய்… மகள் பேரு?"

மெடிங் தலையை ஆட்டினாள். வேண்டாம்.

லிவாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயிற்சி முழுக்க அம்மா தெரோய், டாலிங், பெலிங் என்று முயன்று முயன்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது ஜீப்னி பாலம் தாண்டியதும் வெடித்தாள்.

"ஒங்களுக்கு நான் முக்கியமில்ல. சரி. அந்தத் தொப்பைக்காரன் ஒங்களைக் கள்ளிங்கறான். அவன் பேரைத் தலைல கரண்டு வெச்சுப் படிக்கிறீங்க. என் பேரு போனா போகட்டும், இல்ல?"

எதிரே உட்கார்ந்திருந்த பள்ளிப் பெண்கள் பார்த்தார்கள். மெடிங் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வாய் திறந்து மூடித் திறந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக, கரையில் வலை இழுப்பது போல வந்தன.

"நீ… கூப்பிடாட்டியும்… வருவ." மூச்சு வாங்கினாள். "அவங்க… பேரு… சொன்னாத்தான்."

லிவாய் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இறங்கும் இடம் வந்ததும் வண்டியை நிறுத்தக் கூரையைத் தட்ட வேண்டியவள் மறந்துபோக, இருவரும் இரண்டு தெரு தள்ளி இறங்கி நடந்தார்கள்.

*

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. வாரத்துக்கு வாரம் கூடத்தில் ஆள் குறைந்தது. வந்தவர்களும் முன்போல நெருங்கிக் குனியாமல், கோழி கொத்துவது போல ஒரு கொத்துக் கொத்திவிட்டு நகர்ந்தார்கள். மெடிங் சரியான பெயரைச் சொன்ன போதும் யாராவது தொண்டையைக் கனைத்தார்கள். படகுக்காரன் ஒஸ்முந்தோ அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. வரும் சனிக்கிழமை கூடத்துக்கு நேரில் வருவதாக மட்டும் ஆள் சொல்லி அனுப்பினான். அவன் கரையிறங்கி வந்தால் ஒரு முடிவு செய்யத்தான் வருவான் என்று எல்லோருக்கும் தெரியும். தரகை எடுத்துவிட்டால்கூட அவள் தாங்கிக்கொள்வாள். வயதாயிற்று, ஒருநாள் இறங்கத்தான் வேண்டும். ஆனால் கள்ளி என்ற பெயரோடு இறங்குவதா? இனிமேல் எதிர்த்துப் பேச வாயும் இருக்காது. சொல்கிறவர்கள் சாகும்வரை சொல்வார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் நார்டிங் வீட்டுக்கு வந்தான். லிவாய் கடையில் இருந்தாள். அவன் கையில் இஞ்சி போட்ட மீன்தலைச் சாறு, பாத்திரத்தோடு. லிவாய்க்கு ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து அவன் மெடிங்கை மாரே என்பான், அவள் அவனைப் பாரே என்பாள். சம்பந்தி முறை மாதிரி ஒரு முறை. பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

"மாரே, அன்னிக்கு நான் சொன்ன வெலை எனக்குத் தெரியும். அந்த வெலைக்கு வாலுகூட வராது." தொப்பியைக் கையில் சுருட்டினான். "எங்க வீட்டுக்காரிக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் செஞ்சேன்னு எனக்குப் புரியுது."

மெடிங் எழுந்தாள். "இல்ல. பாரே… இல்ல…"

"நான் யார்கிட்டயும் சொல்லல. என்னைக் கேட்டாங்க. என் வெலைதான் ஒசத்தின்னுட்டேன். பொய்தான். ஒனக்காக ஒரு பொய் சொல்ல மாட்டேனா? ஆனா இனிமே செய்யாத மாரே. நல்ல பேரு வாங்க எத்தனை வருஷமாச்சு ஒனக்கு."

அவள் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். தலையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க… வரல… இங்க…"

"தெரியும், தெரியும்," என்று அவள் தோளைத் தட்டினான் நார்டிங், கண்ணில் தண்ணீரோடு. "மனசு கேக்கல. எனக்குத் தெரியாதா ஒன் மனசு?"

அவன் போன பிறகு மெடிங் மேசையருகே உட்கார்ந்தாள். தெரோய் திட்டியது அவளை இப்படி அறுக்கவில்லை. வெறுப்பவன் கள்ளி என்று நினைப்பது ஒன்று. இவன் அன்போடு நினைக்கிறான். கள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை என்று மன்னித்துவிட்டுப் போகிறான். தன் காது சுத்தமானது என்று உலகத்தில் இனி நம்பக்கூடியவன் ஒருவனும் இல்லை. அந்த இஞ்சிச் சாறு ஆறி ஏடு கட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மறுநாள் வெள்ளி. ஜெஸ் ஸ்பாஞ்சைக் கட்டிவிட்டு, தெரோயில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். மெடிங் அவள் கையைத் தள்ளினாள்.

"பேரு… வேணாம். நான்… சொல்லணும். எல்லார்கிட்டயும்."

"என்ன சொல்லணும் நானாய்?"

அதைப் பிடிக்க மூவரும் பாடுபட்டார்கள். மெடிங் ஒரு துண்டைக் கொடுப்பாள், லிவாய் ஊகித்து ஒரு வார்த்தை சொல்வாள், அவள் இல்லை என்பாள், அல்லது ஆமாம் என்று மேசையைத் தட்டுவாள். பேச்சு போகிறவர்களுக்கு இப்படிச் சில வரிகளை மட்டும் பாட்டுப் போலப் பழக்கிக் கொடுப்பதும் ஒரு சிகிச்சைதான் என்றாள் ஜெஸ். ஆராய்ச்சியில் இது சேராது. அதனால் பெயர்களைப் பழகி முடித்துவிட்டு, பட்டையைக் கழற்றிய பிறகு, தன் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். கடைசியில் நாலு சின்ன வரிகள் நின்றன. மெடிங் ஜெஸ்ஸின் உதட்டைப் பார்த்துச் சொன்னாள். மேசையைத் தட்டித் தாளம் போட்டுச் சொன்னாள். வீட்டுக்குப் போகும்போது ஜீப்னியிலும் சொன்னாள். இந்தத் தடவை லிவாய் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள். எதிரே இருந்தவர்கள் ஏதோ ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

*

சனிக்கிழமை ஒஸ்முந்தோ வந்து தூணில் சாய்ந்து நின்றான். அவன் வந்திருப்பது தெரிந்து, இடையில் வராமல் விட்டவர்களும் வந்திருந்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. நடுவில் வஞ்சிரம் ஒரு கூடை. லிவாய் ரொட்டிக்கடைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றான் ஒஸ்முந்தோ.

முதலில் வந்த டாலிங் வழக்கம்போலக் குனிந்தாள். மெடிங் காதைக் கொடுக்கவில்லை. திரும்பி, தன் வாயை டாலிங்கின் காதருகே கொண்டுபோய், கைகளை முன்துணிக்குள் வைத்தபடியே கிசுகிசுத்தாள். டாலிங் அப்படியே நின்றாள். பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நகர்ந்தாள்.

மெடிங் அடுத்தவரிடம் போனாள். அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. தரகுக்காரி நடந்துபோய் வாங்குகிறவன் காதில் பேசுவதை. அவளுக்குக் கூட்டத்துக்கு முன்னால் உரக்கப் பேசத் தெரியாது. தெரிந்திருந்தாலும் முடியாது. ஒருவர், பிறகு ஒருவர். ஒவ்வொரு தடவையும் முதல் வரிக்கு முன்னால் கால்விரலால் தரையைத் தட்டித் தாளம் பிடித்துக்கொண்டாள்.

நார்டிங்கின் காதில் சொன்னபோது, "மாரே" என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

ஒஸ்முந்தோவின் காதிலும் சொன்னாள். அவன் தூணிலிருந்து முதுகை எடுத்தான்.

கடைசியில் தெரோய். பூண்டு வாசனை. மெடிங் குதிகாலைத் தூக்கி அவன் காதை எட்டினாள்.

"எனக்கு நோய். பேச்சு போகுது. காது போகல. நான் திருடல."

இவ்வளவுதான் அந்த நாலு வரி. தெரோய் சிரிக்கவில்லை. அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரு வேணா சொல்லலாம் நோய்னு" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க மச்சான்கூட கடன்காரன் வந்தா அப்படித்தான் சொல்வான்."

"மாங் தெரோய்!" வாசலிலிருந்து லிவாய் கத்தினாள். "ஆஸ்பத்திரிக் காகிதம் கொண்டாந்து காட்டட்டுமா? இல்ல மண்டையைத் திறந்து காட்டணுமா?"

"நீ சும்மா இரு பொண்ணே. காகிதத்தை எவன் படிக்கிறது?" அவன் குனிந்து, முதல் தடவையாக அவள் காதில் விலையில்லாமல் ஒரு கேள்வியைக் கிசுகிசுத்தான். "அன்னிக்குக் கலவாவுக்கு நான் சொன்னது என்ன?"

மெடிங்குக்கு அந்த விலை வெளிச்சம் போட்டது போலத் தெரிந்தது. அவனுடையது மட்டுமில்லை, அன்றைக்குக் குனிந்த எல்லோருடையதும். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. உதடு கோணியது. கூடம் காத்திருந்தது.

அப்போது அவள் முன்துணிக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள்.

யாரோ "ஏய்" என்றார்கள். ஏலம் கூடியிருக்கும்போது தரகுக்காரியின் கை வெளியே வருவது, நடுப்பூசையில் சாமியார் சிகரெட் பற்ற வைத்தது போல. அவள் தெரோயின் பருத்த கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் தன் ஆட்காட்டி விரலால் எழுதினாள். ஒவ்வொரு எண்ணாக. மெதுவாக. எழுதி முடித்து அவன் விரல்களை மூடிவிட்டாள், வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல.

தெரோய் மூடிய கையைப் பார்த்தான்.

"சில்லறை வரைக்கும்" என்றான். திரும்பிப் பார்த்து, "சில்லறை வரைக்கும் சரிடா!" என்று கத்தினான், யாரோ அவனோடு சண்டை போட்ட மாதிரி. "எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது, இந்தம்மா வெச்சிருக்கு. காது சுத்தம். வாய்தான் பாழாப் போச்சு. இத்தனை நாளா ஒருத்தருக்கும் தோணல பாரு… எனக்குந்தான்."

"அப்போ நான்?" என்றான் நார்டிங் மெல்ல. "அந்த மீனு?"

"தின்னாச்சு இல்ல? ஏப்பம் விட்டுட்டுப் போ. சொன்ன பேரு சொன்னதுதான்" என்றான் தெரோய்.

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

ஒஸ்முந்தோ கூடைக்கு அருகில் வந்தான். நிறையப் பேசாதவன். "ஆலிங் மெடிங், பேரு சொல்ல வேணாம். யாருக்குன்னு தோளைத் தொடுங்க. கை வெளிய வரலாம்." கூட்டத்தைப் பார்த்தான். "யாருக்காவது ஆட்சேபணை?"

மெடிங் மட்டும் கையை உயர்த்தினாள். தன் காதைத் தொட்டாள், பிறகு கையை மெல்லக் கீழே விட்டாள். இதுவும் ஒருநாள் போகும். டாக்டரம்மா அதையும் சொல்லியிருந்தாள். எண்களும் கிளம்பும். மெடிங் தன் நெஞ்சைத் தொட்டு, கூடத்தின் வாசலைக் காட்டினாள்.

"அன்னிக்கு நீங்களே எறங்கிடுவீங்க. அதானே?" என்றான் ஒஸ்முந்தோ. "சரி. இன்னிக்கு வஞ்சிரத்தைப் பாப்போம்."

அவர்கள் குனிந்தார்கள். பழையபடி நெருங்கி, மூச்சுப் படும்படி. எல்லோரும் சொல்லி முடித்ததும் மெடிங் நடந்துபோய் கண்ணாடிக்காரர் பெலிங்கின் தோளைத் தொட்டாள். அதோடு நிற்காமல் வாயையும் திறந்தாள். எத்தனையோ பிற்பகல்கள் அந்தக் குளிர்ந்த அறையில் பழகிய பெயர். அது வந்துவிட்டது. "பெலிங்." ஸ்பாஞ்சில் ஓடியது நிஜ மின்சாரமா, வெறும் எறும்பா, யார் கண்டது? அவர் கும்பிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார்.

*

அன்று பிற்பகல் லிவாய் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் அந்தக் கூடையிலிருந்து பெலிங் கொடுத்துவிட்டுப் போன ஒரு துண்டைப் பொரித்துக்கொண்டிருந்தாள். மூன்று சாமிகளுக்கும் இனிமேல் லீவு கொடுத்துவிடலாம், ஆஸ்பத்திரி என்றே சொல்லலாம் என்று லிவாய் நினைத்தாள். பக்கத்துவீட்டுக்காரிக்குத்தான் ஏமாற்றமாக இருக்கும்.

வரும் வாரம் ஜெஸ்ஸிடம் கேட்க வேண்டும் என்றும் நினைத்தாள். இந்தச் சுற்று முடிந்து அடுத்த சுற்றில் சொற்களை மாற்றலாமாம். தன் பெயரையும் நுழைக்க முடியாதா? பிறகு ஜீப்னியில் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

எண்ணெய் தெறிக்கும் சத்தத்துக்கு நடுவே அடுப்படியில் மெடிங் ஏதோ முனகுவது கேட்டது. ஒரு பெயரைத் தேடுகிறாள். வாய் மென்றது, துப்பியது, மறுபடி மென்றது. தட்டு வேண்டும், கை நிறைய வேலை, கூப்பிட வேண்டும்.

"தெரோய்!" என்று கூப்பிட்டாள் மெடிங்.

கூப்பிட்டவளுக்கே அது தவறு என்று தெரிந்துவிட்டது. கரண்டியோடு திகைத்து நின்றாள்.

கொடியில் பாதித் துணியை அப்படியே விட்டுவிட்டு, "இதோ வரேன் நானாய்!" என்றாள் லிவாய்.